மெட்டு ஏறும் முன் ஒரு சேதி

என் மகள் அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியாக வேலை பார்க்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குமுளி சவாரி முடிந்து கம்பத்தில் வண்டியை ஓரம்கட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டாள். "அப்பா, செப்டம்பர்ல நாங்க நாலு பேரு ஐஸ்லாந்து போறோம். வாடகைக்குக் கார் எடுத்து தீவையே சுத்தி வரப்போறோம். பிளான் அனுப்பியிருக்கேன், பாத்துட்டுச் சொல்லுங்க." அயர்லாந்து வேறு, ஐஸ்லாந்து வேறு என்று என் மனைவிக்கும் பக்கத்து வீட்டு மதினிக்கும் அன்றைக்கு இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது. ஒன்று மழை ஊர், இன்னொன்று எரிமலையும் பனிப்பாறையும் ஒரே இடத்தில் கிடக்கிற ஊர்.

மகள் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் வேன் ஓட்டுகிறவன். தேனி தனி மாவட்டமான 1996-ஆம் வருஷம்தான் நானும் லைசென்ஸ் எடுத்தேன். அன்றிலிருந்து மலைக்கணவாய்களான போடிமெட்டும் கம்பம்மெட்டும், அப்புறம் குமுளியும் மேகமலையும் ஏறி இறங்குவதே பிழைப்பு. பள்ளிக்கூட லீவு நாள்களில் முன் சீட்டில் உட்கார்ந்து என்னோடு மலையேறி வந்த பிள்ளை அவள். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பது அவள் வேலை.

அவள் அனுப்பிய திட்டத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். முதல் நாள் காலை விமான நிலையத்தில் இறங்கி, கார் எடுத்து, இரண்டு அருவி, ஒரு கருமணல் கடற்கரை, பனிக்கட்டிகள் மிதக்கிற ஏரி எல்லாம் பார்த்துவிட்டு ராத்திரிக்கு ஹோஃப்ன் என்கிற ஊரில் தங்கல். கணக்குப் போட்டால் 450 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. கூகுள் ஆறு மணி நேரம் என்று காட்டுகிறதாம். "பாப்பா, அந்த ஆறு மணி நேரத்துல நீ ஒரு டீ கூடக் குடிக்கல. அருவிக்கிட்ட இறங்கவும் இல்ல, மழை பெய்யவும் இல்ல" என்றேன். அயர்லாந்தில் வண்டி ஓட்டுவது நம்மைப் போல இடப்பக்கம், ஐஸ்லாந்தில் வலப்பக்கம். முதல் நாள் கைக்குப் பழகாத பக்கத்தில் 450 கிலோமீட்டர் ஓட்டுவது என்பதை எந்த ஓட்டுநரும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

இதே போன்ற தாளை நான் வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருகிறவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். காலை கும்பக்கரை, அப்புறம் வைகை அணை, மதியம் சுருளி அருவி, சாயங்காலம் மேகமலை, இரவு மூணாறு. ஒரே நாளில். இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. மேகமலைக்குச் சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவு ஏறவேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். 2021-லிருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். இருட்டிய பிறகு தென்பழனி சோதனைச் சாவடியைத் தாண்ட விடமாட்டார்கள். அங்கே ஆறரை மணிக்குப் போய் நின்று, "ரூம் புக் பண்ணியிருக்கோம் சார்" என்று கெஞ்சிக்கொண்டிருந்த குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மகள் கேட்டுவிட்டாளே என்று இரண்டு வாரம் ஐஸ்லாந்தைப் பற்றித் தேடிப் படித்தேன். புரியாத இடத்தை அவள் போனில் சொல்லித் தந்தாள். தீவைச் சுற்றிவரும் சாலைக்கு ஒன்றாம் எண். நீளம் 1,300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். தெற்கே, பனிப்பாறை உருகி ஓடிவருகிற பெரிய மணல்வெளியில் பாலம் கட்ட முடியாமல் வெகுகாலம் அந்த வட்டம் முழுமை அடையாமலே கிடந்திருக்கிறது. 1974-இல்தான் கடைசிப் பாலத்தைப் போட்டு இணைத்திருக்கிறார்கள். 1996-இல் பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடித்து, வந்த வெள்ளம் அங்கே ஒரு பாலத்தை அடித்துக்கொண்டு போயிற்று, இன்னொன்றை உடைத்துப்போட்டது. 2010-இல் இன்னொரு எரிமலை வெடித்ததே, ஐரோப்பா முழுக்க விமானங்களை நிறுத்திய எரிமலை, அப்போது வெள்ளம் பாலத்தை இடிக்காமல் இருக்கச் சாலைப் பணியாளர்களே இயந்திரத்தை விட்டு ஒன்றாம் எண் சாலையைப் பல இடத்தில் வெட்டித் தண்ணீருக்கு வழிவிட்டார்கள். மண் ரோட்டைச் சீக்கிரம் போட்டுவிடலாம், பாலத்தைப் போட முடியாது என்ற கணக்கு. அப்படியும் 2011 ஜூலையில் வேறொரு பாலம் போய்விட்டது. ஒரு வாரத்தில் தற்காலிகப் பாலம் போட்டு வண்டி விட்டார்கள்.

அவர்கள் சாலை நடுவில் மலையை வைத்துத் தீவின் ஓரமாகச் சுற்றுகிறது. நாமோ நடுவில் இருக்கிறோம், மலைதான் நம்மைச் சுற்றி நிற்கிறது. மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாடு, மேகமலை. தேனியில் கிளம்பி போடி, போடிமெட்டு, பூப்பாறை, நெடுங்கண்டம் வழியாகக் குமுளி போய், அங்கிருந்து லோயர்கேம்ப் இறங்கி கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாகத் தேனிக்குத் திரும்பினால் அதுவும் ஒரு வட்டம்தான். மொத்தம் 200 கிலோமீட்டருக்குள். நம் மலைகள் எரிமலை கிடையாது, மிகப் பழைய பாறை. ஆனால் ரோடு மூடுவதற்கு எரிமலைதான் வேண்டும் என்றில்லை. ஒரு ராத்திரி மழை போதும்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்த ஊரின் அருவியோ பனியோ இல்லை. அங்கே சாலைத்துறையே ஒரு வரைபடம் நடத்துகிறது. தீவின் ஒவ்வொரு சாலைத் துண்டும் அதில் ஒரு நிறத்தில் இருக்கும். பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் மூடியாயிற்று, நடுவில் வழுக்கல், பனி என்று வேறு நிறங்கள். எந்த இடத்தில் காற்று எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்பதும் அதிலேயே தெரியும். சாலை ஓரத்தில் மின்பலகை வைத்து அதே காற்றைக் காட்டுகிறார்கள். போன் செய்து கேட்க 1777 என்று ஒரு எண். மீட்புப் பணி செய்கிற தன்னார்வலர்கள் நடத்தும் இன்னொரு தளத்தில் நம் பயணத் திட்டத்தையே பதிந்து வைத்துவிட்டுக் கிளம்பலாம். ஆள் திரும்பவில்லை என்றால் எங்கே தேடுவது என்று அவர்களுக்குத் தெரியும். கருமணல் கடற்கரையில், கரையில் நிற்பவரை எதிர்பாராத அலை இழுத்துக்கொண்டு போகிறது என்பதால், அலையின் நிலையைச் சொல்ல நிறவிளக்கு வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகை நாலு லட்சத்துக்குள். நம் தேனி மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்குப்படியே 12 லட்சத்துக்கு மேல்.

காற்று என்றதும் மகள் சிரித்தாள். அங்கே காற்றில் கார்க் கதவு பிய்ந்துபோகுமாம், பல இன்சூரன்ஸில் அதற்குப் பணம் வராதாம், அதனால் காற்றைப் பார்த்தமாதிரி வண்டியை நிறுத்தச் சொல்கிறார்களாம். "நம்ம ஆண்டிபட்டி கணவாய்ல ஆடி மாசம் நீங்க சொல்றதுதானேப்பா" என்றாள். ஆமாம். தென்மேற்குப் பருவக்காற்று இந்த மலை இடைவெளியில் புகுந்து வருவதால்தான் தேனி, ஆண்டிபட்டி, சின்னமனூர்ப் பக்கம் இத்தனை காற்றாலை. ஆடியில் லாரித் தார்ப்பாய் கிழிந்து பறக்கும். பைக்கில் போகிறவரை எதிர்ப்பக்கம் தள்ளும். இங்கே பிறந்தவர்கள் கைப்பிடியை இறுக்கிக்கொள்வார்கள். வெளியூர்ப் பையனுக்கு யார் சொல்வது?

நம் பள்ளத்தாக்கிலும் ஒரு தகவல் ஏற்பாடு இருக்கிறது. அது எந்த வரைபடத்திலும் இல்லை. அதிகாலை நாலரை மணிக்குக் கம்பம்மெட்டு ரோட்டுப் பக்கம் வாருங்கள். டீக்கடை முன்னால் ஏலத்தோட்ட ஜீப்புகள் வரிசையாக நிற்கும். தேவாரம், கோம்பை, கூடலூர், போடி என்று பள்ளத்தாக்கு முழுக்க இதே நேரத்தில் இதே காட்சிதான். தலையில் துண்டு சுற்றிய பெண்கள், ஆளுக்கொரு தூக்குவாளி, மழைக்குப் போர்த்திக்கொள்ள மடித்த பிளாஸ்டிக் தாள். இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் கூலி வேலைக்கு விடியுமுன் மெட்டு ஏறி, பொழுது சாய இறங்குகிறவர்கள். அந்த நேரத்தில் மேலே காய்கறி இறக்கிவிட்டு லாரிகள் கீழே வரும். டீ கிளாஸைக் கையில் வாங்குமுன் ஒவ்வொரு ஜீப் டிரைவரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "மெட்டுல எப்படிண்ணே?"

"ஏழாவது வளைவுல மண்ணு இறங்கியிருக்கு. ஒரு வண்டி போகலாம்."

"மஞ்சு?"

"ரெண்டு கல்லு."

மஞ்சு என்றால் பனிமூட்டம். அதை நாங்கள் மீட்டரில் சொல்வதில்லை. ரோட்டோரம் வெள்ளையடித்த கல் எத்தனை தெரிகிறது என்று சொல்வோம். அஞ்சு கல் என்றால் கவலை இல்லை. மூணு கல் என்றால் செகண்ட் கியர். ரெண்டு கல் என்றால் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு போவது. ஒரு கல் என்றால் ஓரங்கட்டி நிற்பது. எங்கே யானை நிற்கிறது, எந்தப் பாறையிலிருந்து தண்ணீர் புதிதாக ஒழுகுகிறது, எந்த மரம் சாய்ந்து நிற்கிறது, எல்லாம் அந்த டீக்கடையில் ஐந்து மணிக்குள் தெரிந்துவிடும். பாறையில் புதுத் தண்ணீர் ஒழுகினால் இரண்டு நாளில் அங்கே மண் சரியும் என்பது எங்கள் அனுபவம்.

எட்டு மணிக்கு மதுரையிலிருந்து வருகிற காருக்கு இதில் ஒரு சொல்லும் போய்ச் சேர்வதில்லை. என் வருத்தமெல்லாம் இதுதான். செய்தி இருக்கிறது, தேவைப்படுகிறவனுக்குக் கிடைப்பதில்லை.

"இப்போ எல்லாம் போன்லயே வருதேண்ணே" என்பார்கள். வருகிறது. போன வருஷம் சரிந்த மண்ணை இன்றைக்குச் சரிந்ததாக யாரோ பரப்புவார்கள், அதைப் பார்த்துவிட்டு நல்ல ரோட்டை விட்டுச் சுற்றிக்கொண்டு போவார்கள். உண்மையாகவே சரிந்த நாளில் பாதி மலையில் சிக்னல் இருக்காது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை மூடியது. 70 உயிர் போயிற்று. பெரும்பாலும் நம் தமிழ்ச் சனங்கள். வழியில் பாலம் போயிருந்தது, தொலைபேசி வேலை செய்யவில்லை; மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்கே தெரிந்தது. அந்தக் குடும்பங்களின் உறவினர்களைப் பல தடவை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அந்த வண்டியில் யாரும் பேசமாட்டார்கள்.

எனக்கே நேர்ந்தது ஒன்று. சில வருஷம் முந்தி ஒரு கல்யாண வீட்டுச் சனத்தை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறினேன். எந்த மெட்டு, எந்தச் சாவடி என்று சொல்லத் தேவையில்லை. கீழே ஒருவரும் தடுக்கவில்லை, சீட்டுப் போட்டு அனுப்பினார்கள். பாதி மலையில் போன பிறகு மேலே ரோடு மூடியிருப்பது தெரிந்தது. பின்னால் வரிசையாக வண்டிகள், திருப்ப இடம் இல்லை. மூன்று மணி நேரம் மழையில் நின்றோம். வண்டிக்குள் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். அவள் மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே யாராவது ஒருவர், "மேல மூடியிருக்கு, போகாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மூன்று மணி நேரம் எங்களுக்கு வந்திருக்காது.

போடிமெட்டு இறக்கத்தில் போன வைகாசியில் பார்த்ததையும் சொல்லவேண்டும். 17 கொண்டை ஊசி வளைவு உள்ள மலை அது. மூணாறு பக்கம் ரோடு அகலமாகிவிட்டதால் வண்டி வேகமாக வந்து பழகி, மெட்டுக்குக் கீழே இறங்கும்போதும் அதே வேகத்தில் வருகிறார்கள். கீழ் வளைவு ஒன்றில் ஒரு வெள்ளைக் கார் ஓரமாக நின்றது. முன் சக்கரத்திலிருந்து புகை. லைனர் கருகுகிற வாடை பத்தடிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஓட்டி வந்த இளைஞன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து சக்கரத்தில் ஊற்றப்போனான். "ஊத்தாதீங்க தம்பி, சூட்டுல இரும்பு வெடிச்சிரும்" என்று கையைப் பிடித்தேன். சக்கரத்துக்குக் கல் வைத்து முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். ஆட்டோமேட்டிக் வண்டி. மெட்டிலிருந்து டி-யிலேயே போட்டு, பிரேக்கை மிதித்தபடி இறங்கியிருக்கிறான். கியர் தாழ்த்தி இறக்க அந்த வண்டியிலும் வழி இருக்கிறது, அவனுக்கு யாரும் காட்டித் தரவில்லை. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு; என் குரு எனக்குச் சொன்னது இவ்வளவுதான். அதை அடிவாரத்திலும் மெட்டிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்? காரில் பின் சீட்டில் இருந்த குழந்தை குரங்கைக் காட்டிக் கைகொட்டிக்கொண்டிருந்தது. தாய்க்கு மட்டும் புரிந்துவிட்டது, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தைப் பார்க்காமல் நின்றாள்.

2022 டிசம்பர் 23 இரவை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். சபரிமலை போய்விட்டு ஆண்டிபட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த கார் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து 8 பேர் இறந்தார்கள். ஊருக்கு இன்னும் கொஞ்சத் தொலைவுதான் இருந்தது.

நினைத்தால் செய்ய முடியும் என்பதற்குச் சாட்சியும் அதே சபரிமலைதான். கார்த்திகை பிறந்து கூட்டம் கூடினால் போகிற வண்டியெல்லாம் கம்பம்மெட்டு வழி, வருகிற வண்டியெல்லாம் குமுளி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுகிறார்கள். இரண்டு மாநிலப் போலீசும் பேசி முடிவெடுக்கிறது. எங்கோ ஆந்திராவிலிருந்து வருகிற சாமிகூடக் கம்பத்தில் திரும்பவேண்டிய இடத்தில் சரியாகத் திரும்புகிறார். இரண்டு மாத காலம் முடிகிற காரியம், மற்ற பத்து மாதமும் ஏன் முடியாது?

மலை என்றால் மண்சரிவு மட்டும் இல்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டில் தீப் பிடித்தபோது, கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பிள்ளைகள் அகப்பட்டுக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாசி, பங்குனியில் அந்தப் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்பது போடியில் ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும். 2023 மே 27 காலை அரிக்கொம்பன் யானை கம்பம் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. 144 போட்டார்கள், ஜூன் 5-இல் பிடித்துக் கொண்டுபோகும்வரை யானை இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று மணிக்கொரு தகவல் வந்தது. அந்த ஒன்பது பத்து நாள் எங்களுக்குக் கிடைத்த தகவல் மாதிரி எப்போதும் கிடைத்தால் போதும். ஐஸ்லாந்தில் 2023 நவம்பர் 10 இரவு, பூமிக்கடியில் எரிமலைக் குழம்பு நகர்கிறது என்று தெரிந்து கிரின்தாவிக் என்ற ஊரையே காலி செய்தார்கள். ஏறக்குறைய 3,800 பேர். வெடித்தது டிசம்பரில். அந்த ஊரில் அந்த இரவு ஒருவரும் சாகவில்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. போடிமெட்டு அடிவாரத்தில் முந்தல், கம்பம்மெட்டு அடிவாரம், லோயர்கேம்ப், தென்பழனி ஆகிய நாலு இடத்தில் தலா ஒரு பலகை. பாதை திறந்திருக்கிறதா, மேலே மஞ்சு எப்படி, நேற்றிரவு எவ்வளவு மழை, யானை நடமாட்டம் உண்டா, கடைசி வண்டியை எத்தனை மணிக்கு விடுவார்கள், இந்த ஐந்து விவரம் தமிழிலும் மலையாளத்திலும். அதே விவரம் மதுரையிலிருந்து வருகிறவருக்கு ஆண்டிபட்டிக் கணவாயிலும், திண்டுக்கல்லிலிருந்து வருகிறவருக்குப் பெரியகுளத்துக்கு முன்னாலும் தெரியவேண்டும். கூப்பிட்டால் பதில் சொல்கிற ஒரு போன் எண் வேண்டும். போடிமெட்டு தேசிய நெடுஞ்சாலை 85, குமுளி 183, மேகமலையில் வனத்துறை, மெட்டுக்கு அந்தப்பக்கம் கேரளம். ஒவ்வொரு துறையும் தன் பங்கை அறிவித்துவிடுகிறது. வண்டி ஓட்டுகிறவனுக்கோ அது ஒரே ரோடு. தேனி ஆட்சியரும் இடுக்கி ஆட்சியரும் சேர்ந்து ஒரே இடத்திலிருந்து ஒரே குரலில் சொன்னால் தீர்ந்தது.

பயணம் வருகிறவர்களுக்கும் நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. முதலில் மாதத்தைப் பாருங்கள், அப்புறம் ஊரைப் பாருங்கள். ஆனி ஆடியில் மேலே குமுளியில் கொட்டும் மழை, கீழே லோயர்கேம்பில் வெயிலும் காற்றும். ஐப்பசி கார்த்திகையில் கீழேயே மழை. கும்பக்கரையிலும் சுருளியிலும் திடீரென்று வெள்ளம் வரும், குளிக்கத் தடை போடுவார்கள், அதற்கு வாதாடாதீர்கள். வட்டமாகச் சுற்றுவதென்றால் போடிமெட்டு ஏறிக் குமுளியில் இறங்குங்கள். குமுளி இறக்கம் நீளம் குறைவு, மலைக்குப் புதிய கால் பிரேக்கில் அதிக நேரம் இருக்காது. விடியலில் ஏலத்தோட்ட ஜீப்புகளுக்கு வழிவிட்டு எட்டு மணிக்கு மேல் ஏறுங்கள். சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை அவர்கள் வீடு திரும்புகிற அவசரத்தில் இறங்குவார்கள், அதற்கு முன்னால் நீங்கள் கீழே வந்துவிடுங்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கவேண்டும். சட்டமும் அதுதான், மலை வழக்கமும் அதுதான்.

ஒரு ராத்திரி மேலே தங்குங்கள், ஒரு ராத்திரி கீழே தங்குங்கள். கீழே என்று அழுத்திச் சொல்கிறேன். மூணாறுக்கும் தேக்கடிக்கும் நடுவில் ஓடிக் கடக்கிற ரோடாகத்தான் எங்கள் பள்ளத்தாக்கைப் பலர் பார்க்கிறார்கள். லோயர்கேம்பில் பென்னிகுவிக் மணிமண்டபத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். 1895-இல் அணை கட்டி, மலையைக் குடைந்து அவர் திருப்பிவிட்ட தண்ணீரால்தான் நீங்கள் இறங்கிவருகிற வழியெல்லாம் பச்சையாக இருக்கிறது. ஜனவரி 15-இல் வந்தால் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைப்பதைப் பார்க்கலாம். கம்பத்தில் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குள் கேட்டுவிட்டு நுழையுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடக்கும். பந்தலுக்கு அடியில் குனிந்து நடக்கும்போது இலை வழியாக இறங்குகிற பச்சை வெளிச்சமும், வெட்டிய கொத்தைக் கூடையில் வைக்கும்போது பழத்தின் மேல் பவுடர் பூசின மாதிரி இருக்கிற சாம்பல் பூச்சு கைபடாமல் வந்து சேரவேண்டும் என்று வெட்டுகிற பெண்கள் காம்பை மட்டும் பிடிப்பதும், கார்க் கண்ணாடி வழியாக யாருக்கும் தெரிந்ததில்லை. சித்திரைக் கடைசியில் வந்தால் வீரபாண்டித் திருவிழா. அன்றைக்கு மட்டும் தேனி ரோட்டில் அவசரப்படாதீர்கள், சனம் நடந்து வரும்.

மகள் திட்டத்தைத் திருத்திவிட்டாள். முதல் நாள் தலைநகரம் ரெய்க்யாவிக்கிலேயே தங்கல். மறுநாள் விக் வரை மட்டும், 190 கிலோமீட்டருக்குள். ஏழு நாள் பத்து நாளாகிவிட்டது, ஒரு பனிக்குகை போயிற்று. தினமும் காலையில் கிளம்புமுன் அந்த நிற வரைபடத்தைப் பார்த்து எனக்கும் ஒரு படம் அனுப்பவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அங்கே அவள் போகிற ரோட்டில் எத்தனை வேகத்தில் காற்று அடிக்கிறது என்பதைக் கம்பத்தில் உட்கார்ந்து நான் தெரிந்துகொள்ள முடியும். இங்கே என் பக்கத்துத் தெருப் பெண்கள் ஏறுகிற மெட்டில் இன்றைக்கு மண் இறங்கியிருக்கிறதா என்பதை ஆண்டிபட்டியில் இருக்கிற அவர்கள் மகனால் தெரிந்துகொள்ள முடியாது.

தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் இருவரையும் கேட்டுக்கொள்கிறேன். வருகிற ஐப்பசி மழைக்கு முன்னால், முந்தலில் முதல் பலகையை வையுங்கள். மெட்டில் என்ன நிலவரம் என்று சொல்ல ஜீப் டிரைவர்களும் நாங்களும் இருக்கிறோம். தினமும் காலை நாலரை மணிக்கு அந்த டீக்கடையில்தான் நிற்போம்.